ஒன்பது வருட அனுபவம், ரெலவன்ட் பூஜ்யம்

2023 ஜூலை 28, வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணிக்கு எச்ஆரிடமிருந்து ஒரு மீட்டிங் அழைப்பு வந்தது. தலைப்பு எதுவும் போடவில்லை. உள்ளே நுழைந்து பார்த்தால் கம்பெனியில் எலிக்சர் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதும் பதினோரு டெவலப்பர்களும் இருக்கிறோம், வேறு யாரும் இல்லை. அந்த முகங்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம், லேப்டாப்பைத் திங்கட்கிழமைக்குள் ஒப்படைத்துவிடுங்கள் என்றார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் மீட்டிங் முடிந்தது. அடுத்த வேலையில் நான் சேர்ந்தது 2024 ஏப்ரல் 15, சித்திரை பிறந்த மறுநாள். இடைப்பட்ட எட்டரை மாதத்தில் வராத சம்பளத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 2,37,000 ரூபாய் என் தவறுகளாலேயே கையை விட்டுப் போனது. அதை எப்படியெல்லாம் தொலைத்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். அந்த நாட்களில் இதைச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. சென்னையில் எனக்குத் தெரிந்த எலிக்சர்காரர்கள் மொத்தமே பதினைந்து பேர்தான். அதில் பதினோரு பேருக்கு, என்னையும் சேர்த்து, ஒரே காலையில் வேலை போயிருந்தது.

எலிக்சருக்கு நான் எப்படி வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2014 முதல் நான்கு வருடம் ஒரு சர்வீஸ் கம்பெனியில் பிஎச்பி என்ற வலைத்தள மொழியில் வேலை. 2018இல் பெருங்குடியில் ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தேன். லாரிகளில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி, எந்த வண்டி எங்கே போகிறது என்று முதலாளிகளுக்குத் திரையில் காட்டுவதுதான் தொழில். ஆயிரக்கணக்கான வண்டிகள் விடாமல் இணைப்பிலேயே இருக்கும். இந்த வேலைக்கு எலிக்சரைப் போல ஒன்று கிடையாது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். 1986இல் எரிக்சன் கம்பெனி தன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எர்லாங் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கியது. வாட்ஸ்அப் சில டஜன் எஞ்சினியர்களை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான பேரைத் தாங்கியது அந்த எர்லாங்கின் தோளில்தான். அதே அடித்தளத்தின் மேல், ரூபி மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ரூபி ஆன் ரெயில்ஸ் குழுவில் இருந்த பிரேசில்காரர் ஜோசே வாலிம், படிக்க இதமான ஒரு மொழியாக எலிக்சரைக் கட்டினார். அதில் வலைத்தளம் எழுத ஃபீனிக்ஸ் என்ற ஃப்ரேம்வொர்க் வந்தது. எங்கள் சர்வரில் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு குட்டி ப்ராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு சின்ன வேலைக்காரன். ஒன்று விழுந்தால் அதற்கு மேலே இருக்கும் சூப்பர்வைசர் ப்ராசஸ் உடனே புதிதாக ஒன்றை எழுப்பிவிடும். பக்கத்து லாரிக்குத் தெரியக்கூடத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு யாரும் என்னை எழுப்பியதில்லை. நாலு வருட பிஎச்பி வாழ்க்கைக்குப் பிறகு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நிம்மதியில்தான் ஏமாந்தேன். 2022இல் டெவலப்பர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கருத்துக்கணிப்பில் டெவலப்பர்கள் மிகவும் விரும்பும் வெப் ஃப்ரேம்வொர்க்காக ஃபீனிக்ஸ் முதலிடம் பிடித்தது. எலிக்சர், மொழிகளில் ரஸ்டுக்கு அடுத்த இடம். டீமில் எல்லோரும் கேக் வெட்டாத குறை. எழுதுகிறவர்களுக்கு ஒரு மொழி பிடித்திருப்பதற்கும் ஊரில் அதற்கு எத்தனை வேலை இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இத்தனைக்கும் ஆதாரம் கண் முன்னாலேயே இருந்தது. எங்கள் டீமுக்கு ஒரு ஆள் எடுக்க நான்கு ஐந்து மாதம் ஆகும். கடைசியில் எலிக்சர் தெரிந்தவர் கிடைக்காமல் ரூபி தெரிந்த ஒருவரை எடுத்து நாங்களே சொல்லிக் கொடுப்போம். ஆள் பஞ்சம் என்றால் நமக்குக் கிராக்கி என்று நினைத்துக்கொண்டேன். அதே பஞ்சத்தைக் கம்பெனி வேறு கண்ணால் பார்த்தது. 2023 ஜனவரியில் புதிதாக வந்த எஞ்சினியரிங் தலைவர், ஆள் கிடைக்காத மொழியில் கம்பெனியை நடத்த முடியாது, எல்லாவற்றையும் ஜாவா மொழியில், ஸ்ப்ரிங் பூட் என்ற ஃப்ரேம்வொர்க்கில் திரும்ப எழுதுவோம் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேனோ என்னவோ. அடுத்த ஐந்து மாதம் புதிய ஜாவா டீமுக்கு எங்கள் சிஸ்டத்தை வரி வரியாக விளக்கினேன். படம் போட்டேன், ஆவணம் எழுதினேன், அவர்கள் பாராட்டினார்கள். என் நாற்காலியின் காலை நானே அறுத்துக் கொடுத்தது வெள்ளிக்கிழமை வரை தெரியவில்லை. உங்கள் கம்பெனியில் திரும்ப எழுதப் போகிறோம் என்ற பேச்சு எழுந்தால், அந்த வாரமே வெளியே தேட ஆரம்பித்துவிடுங்கள், அல்லது எந்த மொழிக்கு மாறுகிறார்களோ அந்த டீமில் இடம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஜாவா போரடிக்கும் என்று கேட்கவில்லை. அவ்வளவு திமிர்.

தேடல் ஆரம்பித்தது. ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் எலிக்சர், சென்னை என்று போட்டேன். முதலில் வந்தது ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு வேலை, அடுத்தது எலிக்சர் என்று பெயரிலேயே வைத்திருக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் அக்கவுன்டன்ட் வேலை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "எலிக்சர்னா ஏதோ டானிக் பேரு மாதிரி இருக்கேம்மா?" என்றார். தப்பில்லை, அந்தத் தளமும் அப்படித்தான் நினைத்தது. ஒரு நோட்டில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தேதி போட்டு எழுதி வந்தேன். முதல் மூன்று மாதத்தில் 61 இடங்கள். அதில் எலிக்சர் வேலை என்று சொல்லத்தக்கவை 14, சென்னையில் இரண்டே இரண்டு. அந்த இரண்டுக்கும் என்னுடன் வேலை இழந்த மற்ற பத்துப் பேரும் விண்ணப்பித்திருந்தார்கள். கூட உட்கார்ந்து டீ குடித்தவர்கள் மீது எனக்கு வந்த பொறாமையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சிறிய மொழியில் இருப்பவர்களுக்கு இது ஒரு விசித்திரமான ஆபத்து: உங்களுக்காகச் சிபாரிசு செய்யக்கூடியவர்கள் எல்லோரும் உங்களுடனேயே தெருவுக்கு வந்துவிடுவார்கள். சென்னையில் ரூபிக்காவது ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற கம்பெனிகளின் புண்ணியத்தில் ஒரு வட்டம் உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை.

ரெக்ரூட்டர்களின் போன்கள் தனிக் கதை. எல்லோரும் ஒரே மந்திரத்தை ஓதுவார்கள்: டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு, ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு, கரன்ட் சிடிசி (வருடச் சம்பளம்), எக்ஸ்பெக்டட் சிடிசி, நோட்டீஸ் பீரியட். டோட்டல் ஒன்பது வருடம் என்பேன். ஜாவாவில் ரெலவன்ட்? பூஜ்யம். நன்றி மேடம், பிறகு அழைக்கிறோம். ஒரு பெண் கொஞ்சம் அக்கறையாகவே என் ரெஸ்யூமைப் படித்துவிட்டு, "ஓடிபியில் ஐந்து வருடம்னு போட்டிருக்கீங்களே, எஸ்எம்எஸ் கேட்வே வேலையா மேடம்?" என்று கேட்டார். எலிக்சர் உலகத்தில் ஓடிபி என்றால் எர்லாங்குடன் வரும் அடிப்படை நூலகத் தொகுப்பு. அதன் விரிவு ஓப்பன் டெலிகாம் பிளாட்ஃபார்ம். அவருக்கோ பேங்க் அனுப்பும் ஆறு இலக்க எண். நான் அன்றைக்கு எரிச்சலில் சுருக்கமாகப் பேசி வைத்துவிட்டேன். அவர் மேல் என்ன தப்பு? ரெஸ்யூமை முதலில் படிப்பவர் டெவலப்பர் கிடையாது என்பது தெரிந்தும், அவருக்குப் புரியாத சொல்லை முதல் வரியில் வைத்தது நான்.

சரி, வேறு மொழியில் முயற்சி செய்வோம் என்று அக்டோபரில் சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட் ஜேஎஸ் வேலை ஒன்றின் நேர்காணலுக்குப் போனேன். ஆர்டர்களை வாடிக்கையாளர்வாரியாகப் பிரித்துக் கூட்டித் தரச் சொன்னார்கள், பத்து நிமிட வேலை. எழுதி ஓட்டினேன். விடை 'அன்டிஃபைண்ட்', அதாவது ஒன்றுமே இல்லை என்று வந்தது. திரும்ப ஓட்டினேன். அதே. எலிக்சரில் ஒரு ஃபங்ஷனின் கடைசி வரி எதுவோ அதுவே விடையாகத் திரும்பும். 'ரிட்டர்ன்' என்ற சொல்லே மொழியில் கிடையாது. ஜாவாஸ்கிரிப்டில் அதை எழுதினால்தான் விடை திரும்பும். ஐந்து வருடம் அதை எழுதாத கைக்கு அது நினைவுக்கே வரவில்லை. எதிரே இருந்த பையன், இருபத்தைந்து வயது இருக்கும், ஏழு நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "மேம், ரிட்டர்ன் போடலை" என்றான். வெளியே வந்து வேளச்சேரி ரயில் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். திறமை இல்லாததால் வந்த அழுகை இல்லை. கை பழகியது வேறு, கேட்கப்படுவது வேறு. அதைச் சரிசெய்யத் தினமும் அரை மணி நேரம், ஆறு வாரம் போதும் என்று பின்னால் தெரிந்தது. வேலையில் இருக்கும்போதே வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஜாவாவிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ ஏதாவது கிறுக்கிக்கொண்டிருங்கள். மறந்துபோவது பெரிய தத்துவங்கள் இல்லை, இந்த மாதிரி சில்லறைதான்.

அந்த அழுகையின் வேகத்தில் செய்த முட்டாள்தனம், 38,000 ரூபாய் கட்டி ஜாவா ஃபுல் ஸ்டாக் கோர்ஸில் சேர்ந்தது. கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கான வகுப்பு. மாறி (வேரியபிள்) என்றால் என்ன என்று முதல் வாரம். நான்காவது வாரம் போவதை நிறுத்தினேன், பணம் திரும்பவில்லை. அனுபவம் உள்ளவர்களுக்கு வகுப்பு வேண்டாம். உங்கள் பழைய சிஸ்டத்தின் ஒரு சிறிய பகுதியைப் புதிய மொழியில் நீங்களே திரும்ப எழுதிப் பாருங்கள். நான் டிசம்பரில் லாரி டிராக்கரின் ஒரு துண்டை ஸ்ப்ரிங் பூட்டில் எழுதிக் கற்றதை அந்தக் கோர்ஸ் ஆறு மாதத்தில் தந்திருக்காது.

வெளிநாட்டு வேலைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எலிக்சர் வேலைகள் பெரும்பாலும் அங்கேதான். எலிக்சர் ஃபோரமின் வேலைப் பகுதியில் ரிமோட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆசையாகத் திறந்தால், பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குள் மட்டும் ரிமோட். முதல் வரியிலேயே நாட்டைத் தேடுங்கள், மாலை மிச்சமாகும். நேரத்தையும் கணக்குப் போடுங்கள். பெர்லினில் குளிர்காலத்தில் காலை ஒன்பது என்றால் நமக்கு மதியம் ஒன்றரை, சமாளிக்கலாம். நியூயார்க்கில் ஒன்பது என்றால் நமக்கு இரவு ஏழரை. யூகேஜி படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு எனக்கு அது முடியாது என்று தெரிந்தும் நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரு ஐரோப்பிய ஸ்டார்ட்அப் வீட்டுப்பாடமாக ஃபீனிக்ஸின் லைவ்வியூ வசதியில் ஒரு செயலி கட்டித் தரச் சொன்னது. 'சில மணி நேர வேலை' என்று எழுதியிருந்தார்கள். நான் டெஸ்ட் எல்லாம் எழுதி, மெருகேற்றி, நோட்டுக் கணக்குப்படி 31 மணி நேரம் செலவிட்டேன். அனுப்பிய பிறகு பதிலே இல்லை. இரண்டு முறை கேட்டேன், அதற்கும் இல்லை. இப்போது யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்கிறேன்: வீட்டுப்பாடத்துக்கு முன்னால் அவர்கள் தரப்பில் ஒரு மனிதர் உங்களுடன் அரை மணி நேரமாவது பேசட்டும். அவர்கள் அரை மணி நேரம் செலவழிக்கத் தயாராக இல்லையென்றால் நீங்கள் ஆறு மணி நேரம் செலவழிக்காதீர்கள்.

நவம்பரில் இடைத்தரகர் ஒருவர் மூலம் ஒரு கான்ட்ராக்ட் கிடைத்தது. மணிக்கு 25 டாலர், பழைய ஃபீனிக்ஸ் தளம் ஒன்றைப் புதிய பதிப்புக்கு ஏற்றும் வேலை. முதல் மாதப் பணம் மூன்று வாரம் தாமதமாக வந்தது. அதற்குள் நான் இன்னொரு 60 மணி நேரம் செய்து முடித்திருந்தேன். அந்த 1,500 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,24,000 ரூபாய், இன்று வரை வரவில்லை. ஒப்பந்தத்தில் என் கையெழுத்து இருந்தது, எதிர்த் தரப்பில் வாடிக்கையாளர் யார் என்ற பெயர்கூட இல்லை. யாரிடம் கேட்பது? வாரத்துக்கு ஒரு இன்வாய்ஸ் போடுங்கள். இரண்டு வாரப் பணம் நிலுவையில் நின்றால் கையை எடுத்துவிடுங்கள். தொடங்கும் முன் பாதி இல்லாவிட்டாலும் கால் பங்காவது முன்பணம் கேளுங்கள். கேட்பதாலேயே ஓடிப்போகிறவர் எப்படியும் கொடுத்திருக்க மாட்டார். வந்த பணத்துக்கு வரி கட்டும்போது ஆடிட்டர் ஒரு நல்ல விஷயம் சொன்னார்: அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்படி என் தொழில் வரவில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டினால் போதுமாம். கான்ட்ராக்ட் எடுப்பதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள், நான் மார்ச் கடைசியில் ஓடினேன்.

இதே நவம்பர் மழையில் பையனுக்கு டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரி, 64,000 ரூபாய். கணவர் சொந்தத் தொழில் செய்வதால் குடும்பம் முழுக்க என் கம்பெனி இன்சூரன்ஸில்தான் இருந்தோம். வேலை முடிந்த நாளோடு அதுவும் முடிந்துவிட்டது. நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கம்பெனியை விட்டு வரும்போது அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம் என்பது ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் இருந்தவர் சொல்லித் தெரிந்தது. எச்ஆரின் முதல் போனிலேயே கேட்க வேண்டிய கேள்வி அது. வளையல்களை அடகு வைத்தேன், வட்டி மட்டும் 11,000 போனது. பிஎஃபிலும் கை வைத்தேன். அப்போதிருந்த விதிப்படி வேலை இல்லாமல் ஒரு மாதமானால் 75 சதவீதமும் இரண்டு மாதமானால் மீதியும் எடுக்கலாம். முழுவதையும் துடைத்தெடுத்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஈஎம்ஐ தேதி நெருங்கும்போது அந்த நிதானம் யாருக்கு இருக்கும்?

ஜனவரியில் பழைய பிஎச்பி கம்பெனியில் எனக்கு சீனியராக இருந்த அண்ணன் ஒருவருக்கு வெட்கத்தை விட்டு ரெஸ்யூமை அனுப்பினேன். ஆறு மாதமாக அவரிடம் சொல்லாமல் இருந்ததே பெரிய தப்பு. படித்துவிட்டுக் கூப்பிட்டார். "எலிக்சர்ங்கற வார்த்தை பதினாலு இடத்துல இருக்கும்மா. எதால செஞ்சேன்னு தெரியுது, என்ன செஞ்சேன்னு ஒரு வரி இல்லையே?" அன்றிரவே மாற்றி எழுதினேன். முதல் வரி இப்படி ஆனது: 6,000 லாரிகளிலிருந்து பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் இடத்தகவலைத் தடையில்லாமல் வாங்கிச் சேமிக்கும் பேக்எண்ட் சிஸ்டத்தை ஐந்து வருடம் கட்டிப் பராமரித்தேன். எலிக்சர் என்ற சொல் கடைசிப் பக்கத்தில் ஒரு முறை. ஓடிபி போயே போய்விட்டது. அடுத்த மூன்று வாரத்தில் வந்த போன்கள், முந்தைய மூன்று மாதத்தில் வந்ததைவிட அதிகம்.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். மொழியைத் தேடாதே, அந்த மொழியில் எழுதப்பட்ட பொருளைப் பயன்படுத்துகிறவர்களைத் தேடு என்றார். மென்பொருள்களுக்கு இடையே மெசேஜ்களை வரிசையில் வைத்துக் கடத்தும் ராபிட்எம்க்யூ எர்லாங்கில் எழுதப்பட்டது. அதை ஓட்டுகிற கம்பெனிகள் சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆர் முழுக்க இருக்கின்றன, உள்ளே எர்லாங் இருப்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மார்ச்சில் ஒரு கிடங்கு மேலாண்மை மென்பொருள் கம்பெனியில் நேர்காணல். ஜாவா கேள்விகளுக்குச் சுமாராகத்தான் சொன்னேன். கடைசியில் அங்கிருந்த ஆர்க்கிடெக்ட் சலிப்போடு, எங்கள் ராபிட்எம்க்யூவில் தினமும் மதியம் ஒரு தொல்லை, மெசேஜ்களை வாங்கி வேலை செய்யும் கன்ஸ்யூமர் மெமரி ஏறி ஏறி விழுகிறது, விழுந்ததும் பழைய மெசேஜ் எல்லாம் திரும்ப வருகிறது என்றார். ப்ரீஃபெட்ச், அதாவது கன்ஸ்யூமருக்கு ஒரே நேரத்தில் எத்தனை மெசேஜ் தரலாம் என்ற எல்லை, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வைக்கவில்லை என்றார். போர்டில் வரைந்து காட்டினேன்: எல்லை வைக்காவிட்டால் வரிசையில் இருப்பதை எல்லாம் ராபிட்எம்க்யூ கன்ஸ்யூமரின் தலையில் கொட்டும். பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வராத மெசேஜ்களைத் தன் கணக்கிலேயே வைத்திருக்கும். கன்ஸ்யூமர் செத்ததும் அத்தனையும் மறுபடி வரிசைக்கு வரும், அடுத்தவன் தலையில் கொட்டப்படும். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்தது நேர்காணல் மாதிரியே இல்லை.

சம்பளம் பழையதைவிட 22 சதவீதம் குறைவு. பேரம் பேசும் நிலையில் நான் இல்லை, பேசவும் இல்லை. ஜாவா எழுதுகிறேன், நினைத்த அளவு போரடிக்கவில்லை. சில மாலைகளில் எலிக்சரை ஏக்கத்தோடு திறந்து பார்ப்பேன், அவ்வளவுதான். யாராவது சின்ன மொழி ஒன்றில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று கேட்டால் தாராளமாகச் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன், ஆனால் அன்றைக்கே உங்கள் ஊரில் அந்த மொழிக்கு எத்தனை கம்பெனி என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஒரு கைக்குள் அடங்கினால் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே சேர்த்து வைத்த பிறகு மற்ற செலவைப் பாருங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போன அக்டோபரில் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஜாவாவில் திரும்ப எழுதும் வேலை இன்னும் முடியவில்லையாம், லாரிகள் இன்னும் எங்கள் பழைய எலிக்சர் சர்வரில்தான் ஓடுகின்றன, சர்வரின் பாதுகாப்பு சர்டிஃபிகேட் சம்பந்தமாக ஏதோ உடைந்திருக்கிறது, பார்க்க முடியுமா என்றார்கள். இப்போதைய கம்பெனி விதிப்படி நான் வெளிவேலை எடுக்க முடியாது. அந்தப் பதினோரு பேரில் ஒரு தம்பி இன்னும் சில்லறைக் கான்ட்ராக்டுகளில் அல்லாடிக்கொண்டிருந்தான், அவன் நம்பரைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் அவனைக் கூப்பிட்டு, மணிக்கு எவ்வளவு கேட்க வேண்டும், பாதி முன்பணம், வாராவாரம் இன்வாய்ஸ், எல்லாம் மெயிலில் எழுத்தாக என்று பாடம் நடத்தினேன். இரண்டு நாள் கழித்து மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டான். "அக்கா, அட்வான்ஸ் அக்கவுன்டுக்கு வந்துடுச்சு. இப்ப லேப்டாப்பைத் திறக்கலாமா?"